கல்லூரிப் பிள்ளைகளுக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருமுன்

அக்டோபர் 10, உலக மனநல நாள். அன்றைக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரிகளில் ஒரு நிகழ்ச்சி நடக்காமல் போகாது. ஆடிட்டோரியத்தில் முந்நூறு பேர், இறைவணக்கம், வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, முக்கால் மணி நேரப் பேச்சு, கடைசியில் "எல்லாரும் கண்ண மூடுங்க" என்று ஐந்து நிமிடம், தேசிய கீதம். மறுநாள் பத்திரிகையில் படமும் வரும். அரியரை நினைத்து இரவு இரண்டு மணிக்கும் தூங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சிலருக்கு அந்த ஐந்து நிமிடமே தொந்தரவாக முடியலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னஸ்) உருப்படியாக நடத்த நினைக்கும் ஆசிரியர், கவுன்சிலர், என்.எஸ்.எஸ். பொறுப்பாளர், ஹாஸ்டல் வார்டன் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மாணவர்கள் படித்தாலும் பயன்படும்.

முதலில், இது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பௌத்த மரபின் கவனப் பயிற்சிகளை எடுத்து, மதச் சடங்குகளை விலக்கி, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பாடமாக அமைத்தார். நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்கான ஏற்பாடு அது. வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம். கல்லூரிப் பிள்ளையிடம் தினம் 45 நிமிடம் கேட்டால் இரண்டாம் வாரமே வர மாட்டான். அதனால் டியூக் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர்கள் இருவர் மாணவர்களுக்கென்றே 'கோரு' என்ற சின்னப் பாடத்தை உருவாக்கினார்கள். வாரத்துக்கு 75 நிமிடம் வீதம் நான்கு வகுப்புகள், தினமும் 10 நிமிடம் பயிற்சி. 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 90 மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மன அழுத்தம் குறைந்தது, தூக்கம் மேம்பட்டது என்று அதில் தெரிந்தது. கேம்பிரிட்ஜில் 616 மாணவர்களோடு நடத்திய எட்டு வாரப் பாடத்தின் முடிவு 2018இல் வந்தது. வழக்கமான கவுன்சிலிங் வசதி மட்டும் இருந்தவர்களைவிட, பாடத்தில் சேர்ந்தவர்களுக்குத் தேர்வுக் காலத்தில் மனத்துயரம் குறைவாக இருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆசிரியர்களே பாடமாக நடத்திப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட இதனால் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. அவர்கள் கல்லூரி வயதுக்காரர்கள் அல்லர் என்றாலும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. தானாக வந்து சேர்ந்தவனுக்குப் பலன் தருவது, வகுப்பு மொத்தத்தையும் உட்காரவைத்துக் கட்டாயமாக நடத்தினால் பலன் தராமல் போகலாம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அரியர் வைத்தவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சர்க்குலர் அனுப்பினால், அந்த அறைக்குள் நுழைவதே தண்டனை ஆகிவிடும்.

எத்தனை பேர், எப்போது, எங்கே

ஒரு குழுவில் 12 முதல் 15 பேர். இருபதைத் தாண்டினால் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். எட்டுக்குக் கீழே போனால் எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பதாகக் கூச்சம் வரும். வாரம் ஒரு வகுப்பு, 75 நிமிடம், நான்கு வாரம்.

வகுப்பை மாலை நான்குக்கு மேல் வைக்காதீர்கள். குலசேகரத்துக்கும் கருங்கலுக்கும் போகிற பிள்ளைக்கு அந்த நேரத்துப் பஸ்ஸை விட்டால் வீட்டில் பதில் சொல்லி மாளாது. மனம் முழுக்க வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் மணியும் வேண்டாம், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முற்பகலில் இருக்கும் லைப்ரரி பீரியடோ வேல்யூ எஜுகேஷன் பீரியடோ தோதாக இருக்கும்.

ஆரம்பிக்க நல்ல காலம் ஜூலை நடு, அல்லது பொங்கல் முடிந்த மறுவாரம். நவம்பர் செமஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால் பதறிப்போய் ஆரம்பிப்பதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். நீந்தத் தெரியாதவனுக்கு ஆற்றில் வெள்ளம் வந்த அன்று நீச்சல் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் அது.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. முஸ்லிம்களும் அய்யாவழியினரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். சாப்பலிலோ பிரேயர் ஹாலிலோ வைத்தால் ஒரு வீட்டில் கேள்வி வரும். குத்துவிளக்கு ஏற்றி, ஊதுபத்தி கொளுத்தி, ஓம் என்று ஆரம்பித்தால் இன்னொரு வீட்டில் கேள்வி வரும். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆகவே சாதாரண வகுப்பறை போதும். வட்டமாக நாற்காலி, ஃபேன் ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். மணி அடிக்க வேண்டாம், செல்போன் டைமரின் மெல்லிய ஒலி போதும். நோட்டீஸில் 'தேர்வுப் பதற்றம், தூக்கம், கவனம்: நான்கு வாரப் பயிற்சி' என்று போடுங்கள். என்ன கிடைக்கும் என்பது படித்ததுமே தெரிந்துவிடும். ஒரு பிள்ளை மூச்சோடு சேர்த்து இயேசுவின் பெயரையோ சிவ நாமத்தையோ திக்ரையோ சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டால், வீட்டில் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக மூச்சும் காலும் ஒலியும் மட்டும்.

விவேகானந்தர் பாறைக்கோ மருந்துவாழ் மலைக்கோ சிதறாலுக்கோ கூட்டிப்போய் 'தியானப் பயணம்' நடத்தும் யோசனை வராமல் இருக்காது. விவேகானந்தர் 1892 டிசம்பரில் அந்தப் பாறையில் இருந்தபோது படகுக்கு வரிசை கிடையாது. போய் வாருங்கள், நல்ல டூர்தான். பயிற்சிக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். பிள்ளை தினமும் புழங்கும் இடத்தில் செய்ய முடிகிற காரியம்தான் அவனோடு தங்கும்.

யார் நடத்துவது? இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தக் கூடாது. அவருக்கு எவ்வளவு நல்ல மனது இருந்தாலும் பிள்ளை உள்ளதைச் சொல்ல மாட்டாள். ஊர் சின்னது. மேடத்துக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரே சபையாக இருக்கும், இல்லையென்றால் ஒரே தெருவாக இருக்கும். வேறு டிபார்ட்மென்ட் ஆசிரியரோ வெளியிலிருந்து வரும் கவுன்சிலரோ நடத்தட்டும். நடத்துகிறவர் எட்டு வாரப் பாடம் ஒன்றை முழுதாக முடித்து, குறைந்தது ஒரு வருடமாவது தானே தினமும் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். ஒருநாள் ஒர்க்ஷாப் முடித்தவர் வகுப்பு தொடங்குமுன் மூன்று நிமிடம் நடத்தலாம், அதற்குமேல் வேண்டாம். வருகைப் பதிவு கவுன்சிலரிடம் மட்டும் இருக்கட்டும். எச்.ஓ.டி.க்குப் பெயர்ப் பட்டியல் போகக் கூடாது. யார் என்ன எழுதினார்கள் என்று நோட்டை வாங்கிப் பார்க்கவும் கூடாது.

முதல் வாரம்: கால், பிறகு மூச்சு

பலர் நேரடியாக மூச்சில் ஆரம்பிப்பார்கள். நான் காலில் ஆரம்பிக்கச் சொல்வேன். நாற்காலியில் முதுகை அதிகம் சாய்க்காமல் உட்கார வேண்டும். இரண்டு பாதமும் தரையில், கை தொடைமேல். கண்ணை மூடுவது அவரவர் விருப்பம். மூடாதவர்கள் நான்கடி தள்ளித் தரையைப் பார்த்தபடி இருக்கலாம். இரண்டு நிமிடம் பாதம் தரையைத் தொடுவதை மட்டும் கவனிக்க வேண்டும். செருப்பு, வியர்வை, டைல்ஸின் குளிர்ச்சி, எது தெரிகிறதோ அது. அதன்பின் மூச்சு.

சொல்லும் தமிழும் முக்கியம். சினிமாப் பின்னணிக் குரலில் "உங்கள் சுவாசத்தை உணருங்கள்" என்றால் பின்வரிசையில் சிரிப்பு வரும், வரத்தான் செய்யும். நாம் பேசுகிற மாதிரியே சொல்லலாம்:

"காலு தரையில இருக்கா, அத மட்டும் பாருங்க. மூச்ச நீங்க இழுக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். அது பாட்டுக்கு வரும், போவும். மூக்குல தெரியுதா, நெஞ்சுல தெரியுதா, வயித்துல தெரியுதா? எங்க நல்லா தெரியுதோ அங்க இருங்க மக்களே. நினைப்பு எங்கயாவது போயிட்டுன்னா ஒண்ணும் தப்பில்ல. போயிட்டுன்னு தெரிஞ்சதும் திரும்பி வாங்க."

வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணலாம். எண்ணிக்கை தப்பினால் ஒன்றிலிருந்து மறுபடி. முதல் நாள் பெரும்பாலானவர்கள் நான்கைத் தாண்ட மாட்டார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் "எனக்கு இது வராது" என்று மறுவாரம் வராமல் போவார்கள். கவனம் ஓடிப்போனதைக் கண்டுபிடித்துத் திரும்பும் அந்த நொடிதான் பயிற்சி. முப்பது முறை ஓடினால் முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆர்வத்தில் பிள்ளைகள் ஆழமாக, வேகமாக மூச்சு இழுப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோய்த் தலைசுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். அந்த நேரம் பயம் பிடித்து இன்னும் வேகமாக இழுப்பார்கள். கண்ணைத் திறந்து, வாயை மூடி, மூக்கு வழியே மெதுவாக வெளிமூச்சை நீட்டச் சொன்னால் இரண்டொரு நிமிடத்தில் சரியாகும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கும், மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்களுக்கும் மூச்சே வேண்டாம். பாதம், ஃபேன் சத்தம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உள்ளங்கைகள் என்று ஏதாவது ஒன்று போதும். பலன் குறையாது.

வகுப்பில் உட்காருவது 15 நிமிடத்துக்குமேல் போகக் கூடாது. மிச்ச நேரம் பேச்சுக்கு: என்ன நடந்தது, எங்கே சலித்தது, வீட்டில் எப்போது செய்யலாம். புதிதாக நடத்துகிறவர்கள் இந்தப் பேச்சு நேரத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் கற்பதில் பாதி அங்கேதான்.

அடுத்த மூன்று வாரம்

இரண்டாம் வாரம் நடை. வராண்டாவிலோ மரத்தடியிலோ பத்துப் பன்னிரண்டு அடி தூரம் போய்த் திரும்ப வேண்டும். குதிகால் படுவது, பாதம் படுவது, எடை மாறுவது. பத்து நிமிடம். உட்கார்ந்தால் கால் ஆட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். ஜூனிலும் ஐப்பசியிலும் மழையை நம்ப முடியாது, உள்வராண்டாவைப் பார்த்து வையுங்கள். பெண்பிள்ளைகள் மெதுவாக நடப்பதைக் கேன்டீன் பக்கமிருந்து யாராவது வேடிக்கை பார்த்தால் அத்தோடு முடிந்தது. அதனால் கண் படாத இடமாக இருக்கட்டும்.

அதே வாரம் உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி. படுக்கவைத்தால் பத்தாவது நிமிடத்தில் குறட்டை கேட்கும். அவர்களை எழுப்பிக் கேலி செய்யாதீர்கள். விடியுமுன் ரப்பர் வெட்டுக்கு அப்பாவோடு போய்விட்டு வருகிறவன், ஹாஸ்டலில் ஐந்து மணி நேரம் தூங்குகிறவள், அவர்களுக்குத் தேவை தூக்கம்தான். உட்கார்ந்த நிலையில் 12 நிமிடமாகச் சுருக்கினால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பாதம், முழங்கால், கை, தோள், முகம் போதும். ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் குழுவில் நெஞ்சு, அடிவயிறு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. உடம்பில் அத்துமீறலைச் சந்தித்த பிள்ளை அந்த அறையில் இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்காது. "எந்த இடத்துல நிக்க பிடிக்கலியோ அத விட்டுட்டுக் காலுக்குப் போங்க" என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம் நினைப்புக்குப் பேர் வைப்பது. தேர்வுக் காலத்தில் அதிகம் கைகொடுப்பது இதுதான் என்பது என் எண்ணம். மூச்சைக் கவனிக்கும்போது வரும் நினைப்புக்கு மனதுக்குள் ஒரு சொல் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும்: 'பயம்', 'திட்டம்', 'பழசு', 'சண்டை'. நான்கைந்து சொல் போதும், சரியான சொல்லைத் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது. "எனக்கு மேத்ஸ் கிளியர் ஆகாது" என்று மனம் சொன்னால், "'கிளியர் ஆகாது'ன்னு ஒரு நினைப்பு வருது" என்று மாற்றிச் சொல்லிப் பழக்குங்கள். நினைப்பை விரட்டுவதோ நல்ல நினைப்பாக மாற்றுவதோ இதில் கிடையாது. அது நினைப்பு என்று தெரிந்தால் போதும், புத்தகத்தைத் திறக்க இடம் கிடைத்துவிடும்.

நான்காம் வாரம் சாப்பிடுவது. அமெரிக்கப் பாடத்தில் உலர்திராட்சை தருவார்கள். நமக்கு மட்டிப்பழம் இருக்கிறது, நம் ஊர்ச் சின்ன வாழைப்பழம். ஆளுக்கொன்று. கையில் வைத்து அரை நிமிடம் பார்ப்பது, தோலின் வழவழப்பு, காம்பு, மணம். உரித்து ஒரு சின்னக் கடி. உடனே மெல்லாமல் பத்து எண்ணும் வரை நாக்கில். பிறகு மெதுவாக மென்று, விழுங்குவது தொண்டையில் தெரிகிறதா என்று பார்ப்பது. ஏழெட்டு நிமிடம் ஆகும். காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். ரம்ஜான் நோன்பு, தவக்காலம், உபவாச ஜெபம், மாலை போட்டவர்கள், வெள்ளிக்கிழமை விரதம் என்று இங்கே யாராவது ஒருவர் பட்டினியாகத்தான் இருப்பார். சாப்பாட்டோடு போராடுகிற பிள்ளையும் இருக்கலாம். அவர்களுக்குப் புளியங்கொட்டை ஒன்றைக் கையில் கொடுத்தால், அதே படிகளைப் பார்த்தலும் தொடுதலுமாகச் செய்யலாம்.

வீட்டுப் பயிற்சி, கோருவைப் போலவே, தினம் பத்து நிமிடம். எங்கே உட்காருவது என்பதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல். ஒரே ஹால், டி.வி., தம்பி, ஆச்சி. கண்மூடி உட்கார்ந்தால் "என்னடி ஆச்சு உனக்கு" என்று கேட்பார்கள். பஸ்ஸை உபயோகிக்கலாம். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு அதில் பத்து நிமிடம் கிடைக்காதா? கம்பியைப் பிடித்த கை, தரையில் கால், இன்ஜின் சத்தம், ஜன்னல் காற்று. நெரிசலில் நிற்கும் பெண்பிள்ளைகளிடம் கண்ணை மூடவோ உள்ளுக்குள் ஆழவோ சொல்லாதீர்கள். அங்கே சுற்றுமுற்றும் விழிப்பாக இருப்பது அவசியம். ஒலியையும் காட்சியையும் கவனிப்பதே அவர்களுக்கான பயிற்சி. கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் வீட்டுப் பக்கத்தில் அலறினால், அன்றைக்கு ஒலிதான் பாடம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். எரிச்சல் வரும். எரிச்சல் வருகிறது என்று கவனிப்பதும் கணக்கில் சேரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் அதைச் செய்யச் சொல்வது கொடுமை.

ஹாஸ்டல் வார்டன்களுக்கு ஒரு குறிப்பு. இரவு பதினொன்றுக்குக் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டு உடம்பைக் கவனித்தால் தூக்கம் வராது. காஃபீனில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். சாயாவை மாலை ஐந்தோடு நிறுத்தி, எழும் நேரத்தை ஒரே மாதிரி வைத்தால் பயிற்சிக்கும் பலன் இருக்கும்.

கடல் சத்தம் போடாதீர்கள்

யூடியூபில் 'ரிலாக்ஸ்' என்று தேடினால் முதலில் வருவது அலை ஓசை. "அமைதியான ஒரு கடற்கரையை நினைத்துப் பாருங்கள்" என்பது எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் வாயில் வரும் வாக்கியம். இந்த மாவட்டத்தில் அதைச் சொல்லக் கூடாது.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக ஊர்களில் ஆட்கள் திரும்பவில்லை. அன்று பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்கள்தான் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி வீடுகளில் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. கண்ணை மூடி, இருட்டாக்கி, அலை ஓசையைப் போட்டால் அந்தப் பிள்ளைக்கு எது கண்முன் வரும் என்று யோசித்தால் போதும். நவம்பர் செமஸ்டரும் ஒக்கி நினைவு நாளும் ஒரே சமயத்தில் வருவதையும் கவனத்தில் வையுங்கள். அந்த வாரம் கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி காரணம் சொல்லாமல் வராவிட்டால் துருவிக் கேட்க வேண்டாம்.

போனை வாங்கிப் பெட்டியில் போடுவதும் இதே காரணத்தால் வேண்டாம். அப்பா ஆழ்கடல் போட்டில் போய் வாரக்கணக்கில் ஆகியிருக்கும், அல்லது வளைகுடாவில் இருப்பார், அவருக்குப் பேச நேரம் கிடைப்பதே அப்போதுதான். வைப்ரேஷனில் மடியில் இருக்கட்டும். அழைப்பு வந்தால் எழுந்து வெளியே போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பதற்றமும் குறையும்.

பயிற்சியின்போது ஒரு பிள்ளைக்கு உடல் நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது, அல்லது முகம் மரத்துப்போய்க் கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் "அதையும் கவனியுங்கள், அப்படியே இருங்கள்" என்று சொல்லவே கூடாது. நிறுத்துங்கள். கண்ணைத் திறக்கச் சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்லச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தட்டும், தண்ணீர் குடிக்கட்டும். கூட ஒருவர் வெளியே நடத்திக் கூட்டிப்போகட்டும். அனுமதி கேட்காமல் தொடாதீர்கள். வகுப்பு முடிந்து அன்றைக்கே கவுன்சிலர் பேச வேண்டும். அந்தப் பிள்ளை இதைத் தொடர்வதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம். அழுகை இதில் சேராது. கொஞ்சம் அழுதுவிட்டுத் தானே தெளிகிறவர்களை அப்படியே விட்டுவிடலாம்.

இப்போதைக்குச் சேர்க்கக் கூடாதவர்கள் உண்டு. சில வாரங்களுக்கு முன் வீட்டில் சாவு நடந்தவர்கள், குரல்கள் கேட்கிறது என்பவர்கள், பல நாளாகத் தூங்காமலே உற்சாகமாக இருப்பவர்கள், குடியில் இருப்பவர்கள், சாவைப் பற்றி நினைப்பவர்கள். இவர்களுக்கு முதலில் வேறு உதவி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயிற்சி தொடங்கியதால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மறைத்துவைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். புத்திமதியும் பிரார்த்தனையும் அதற்குப் பின். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இந்த எண் நோட்டீஸ் போர்டில் மட்டும் இருந்து பயனில்லை, அதை யாரும் நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வகுப்பில் எல்லாரும் போனில் பதிந்துகொள்ளட்டும்.

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள கவுன்சிலர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த ஆள் இல்லையென்றால் கவனப் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள். கவுன்சிலர் அறை பிரின்சிபல் அறைக்கு எதிரே இருந்தால் அதை மாற்றுவது முதல் வேலை.

இந்தப் பயிற்சியால் தீராதவையும் உண்டு. கல்விக் கடன் வராதது, ராகிங், சாதி சொல்லிப் பேசும் ஆசிரியர், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் அசைன்மென்ட். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் நம்முடையது. ஒவ்வொரு வீட்டிலும் நர்ஸ், இன்ஜினியர், வெளிநாடு என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, அரியர் வைத்தவன் கல்யாண வீட்டுக்குப் போகவே கூசுகிறான். "மூச்சக் கவனி, சரியாயிரும்" என்று அவனிடம் சொல்வது பழியை அவன் தலையிலேயே கட்டுவது. வகுப்பில் வரும் இப்படிப்பட்ட புகார்களை, பெயர் சொல்லாமல், நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

தேர்வு நாளும் கணக்கும்

தேர்வு அறையில் செய்வதற்கு ஒரே ஒரு காரியம். வினாத்தாள் வருமுன் இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி, நான்கு எண்ணி மூச்சை உள்ளே, ஆறு எண்ணி வெளியே. பத்து முறை. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு இறங்கும். வினாத்தாளைப் பார்த்ததும் தலை வெறுமையானால் மறுபடி மூன்று முறை, பிறகு தெரிந்த கேள்விக்குப் போக வேண்டும். தேர்வன்று முதல் தடவையாக இதைச் செய்கிறவனுக்கு, மூச்சை எண்ணுவதே இன்னொரு கவலையாகிவிடும். மாடல் எக்ஸாமிலேயே பழகியிருக்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவுகோல் போதும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி வருவதை நான்கால் பெருக்கினால் நூறுக்கு எவ்வளவு என்று தெரியும். முதல் வகுப்பிலும், நான்காம் வகுப்பிலும், அதிலிருந்து இரண்டு மாதம் கழித்தும் கொடுங்கள். பெயர் வேண்டாம், ஆளுக்கொரு எண் போதும். எண்ணும் பெயரும் சேர்ந்த தாள் கவுன்சிலரின் பீரோவில் இருக்கட்டும்.

மதிப்பெண் ஏறியதும் ஆண்டறிக்கையில் போட அவசரப்படாதீர்கள். மனசு மிக மோசமாக இருக்கும்போதுதான் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் சிலருக்கு ஒரு மாதத்தில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். விண்ணப்பித்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆகஸ்டிலும் மீதிப் பேருக்கு செப்டம்பரிலும் நடத்துங்கள். செப்டம்பர்க் குழுவுக்கும் ஆகஸ்டிலேயே இரண்டு முறை கேள்வித்தாள் கொடுத்துவிட்டால், ஒப்பிட ஆள் கிடைத்துவிடும். காத்திருக்கும் அந்த ஒரு மாதத்திலும், முதல் தாளில் 50க்குக் கீழே இருப்பவர்களைக் கவுன்சிலர் தனித்தனியே கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். நான்கு வாரம் முடிந்தும் 50க்குக் கீழே நிற்பவர்களை அடுத்த குழுவில் திரும்பச் சேர்க்காமல் ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்புங்கள்.